போனக்கா போட்ட ரேங்க்

எங்கள் வார இதழ் வருடத்துக்கு ஒருமுறை ‘தலைசிறந்த நூறு கல்லூரிகள்’ என்று ஒரு சிறப்பிதழ் போடும். மற்ற ஐம்பத்தொரு வாரமும் கட்டு பிரிக்காமலே கடைகளிலிருந்து திரும்பி வருகிற பத்திரிகை, அந்த ஒரு வாரம் மட்டும் காலையில் போனால் மத்தியானம் கிடைக்காது. பிள்ளை பெற்றவர்கள் வாங்குவார்கள். கல்லூரி நடத்துகிறவர்கள் வண்டி வைத்து அள்ளிப் போவார்கள். படித்து முடித்து முப்பது வருடம் ஆனவர்கள்கூட, தங்கள் கல்லூரி இன்னும் தங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பதற்காக வாங்குவார்கள். அந்த இதழுக்குப் பக்கம் வடிவமைத்தவன் நான். நூறு கல்லூரிகளையும் கட்டம் கட்டி, முதல் பத்துக்குத் தங்க நிறம் அடித்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. கட்டத்துக்குள் இருந்த எண்களைப் போட்டவர் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. இது அவர் கதை.

ஆபீஸில் எல்லோருக்கும் அவர் போனக்கா. புதிதாகச் சேருகிறவர்கள் ‘எங்கே போன அக்கா?’ என்று கொஞ்ச நாள் குழம்புவார்கள். இருபத்தைந்து வயதில் டெலிபோன் ஆபரேட்டராக வந்து, நாற்பது இணைப்புகளை ஒரு பலகையில் வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் பேசியவர். ‘ஹலோ’ என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், ஆள் யார், என்ன மனநிலையில் இருக்கிறார், நிர்வாகி இருக்கிறாரா என்று கேட்பது பார்க்கவா தப்பிக்கவா என்பதுவரை அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு எல்லோர் சட்டைப் பையிலும் போன் வந்தது. பலகையைக் கழற்றிப் பழைய நாற்காலிகள் கிடக்கும் அறையில் போட்டார்கள். அக்காவை அப்படிப் போட முடியாததால் சர்வே பிரிவுக்கு மாற்றினார்கள். சர்வே பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு போன், அக்கா.

அவரும் பட்டதாரிதான். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் வணிகவியல் படித்தவர். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கும் சேர்த்துச் சொல்லத்தான் ஓர் அண்ணன் இருந்தார்.

அண்ணன் படித்தது மணிக்கூண்டுக் கல்லூரி. நூறு வருடக் கட்டடம், உச்சியில் கடிகாரம், நுழைவாயிலில் யாருக்கும் புரியாத மொழியில் ஒரு வாசகம். அங்கே அவர் நான்கு வருடம் படித்தார். அங்கே படித்தேன் என்று சொல்வதை முப்பத்தொரு வருடமாகச் செய்துவந்தார். சம்பளத்துக்கு ஒரு சிமென்ட் கம்பெனியில் கொள்முதல் பிரிவு, அது வேறு. காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த கல்லூரிச் சின்னம் நம்பர் பிளேட்டைவிடப் பெரிது. காபி குடிக்கிற கோப்பையில் சின்னம், சாவிக்கொத்தில் சின்னம், குளிர் இல்லாத நாளிலும் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டரில் சின்னம். கை குலுக்கும்போது முதலில் கல்லூரியின் பெயரைச் சொல்வார். எதிராளி கேட்டால்தான் தன் பெயரைச் சொல்வார். கம்பெனியில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் எங்கே படித்தார் என்று யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் அதைச் சொன்னதே இல்லை. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

சிறப்பிதழ் வரும் வாரம் அண்ணன் எங்கள் ஆபீஸுக்கே வந்து பத்துப் பிரதி வாங்கிப் போவார். நாலாவது, மூன்றாவது, மறுபடி நாலாவது என்று அவருடைய கல்லூரி தங்க நிறத்துக்குள்ளேயே இருந்துவந்தது. ஒருமுறை என்னிடம் தங்கையைக் காட்டி, “இவ தபால்ல படிச்சா சார். ஸ்டாம்ப் ஒட்டிப் பட்டம் வந்துச்சு” என்றார்.

“ஆமாண்ணா, கசங்காம வந்துச்சு” என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

இனி அந்த எண்கள் எப்படி உண்டாயின என்பதைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் நூறு மதிப்பெண். அதில் ஐம்பது, கல்லூரிகள் தங்களைப் பற்றித் தாங்களே அனுப்பும் விவரங்களுக்கு. நூலகத்தில் எத்தனை புத்தகம், ஆசிரியர்களில் எத்தனை பேர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள், எத்தனை ஆராய்ச்சி. இரண்டு அறையில் நூலகம் நடத்திய ஒரு கல்லூரி இரண்டு லட்சம் புத்தகம் என்று எழுதி அனுப்பியது. மாணவர்களைவிட ஆசிரியர்கள் அதிகம் என்று இன்னொன்று. எல்லோரும் வாய் கூசாமல் புளுகியதால் எல்லோருக்கும் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்றே வந்தது. ஆகவே முதலாவது எது, நூறாவது எது என்பதெல்லாம் மீதி ஐம்பதில்தான் இருந்தது. அதற்குப் பெயர் நற்பெயர் மதிப்பெண். நானூறு கல்வியாளர்களிடம் போன் செய்து, எந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் போட வேண்டியது. கேட்க வேண்டியவர் போனக்கா.

முதல் வருடம் அவர் நாற்பது நாள் உட்கார்ந்து நானூறு பேருக்கும் போன் செய்தார். பதில் சொன்னவர்கள் முப்பத்தொரு பேர். அதில் இருபத்திரண்டு பேர் தாங்கள் வேலை பார்க்கும் கல்லூரியே சிறந்தது என்றார்கள். ஒரு துறைத்தலைவர், சட்டப் படிப்பே இல்லாத ஒரு கல்லூரியின் சட்டத்துறையை உலகத் தரம் என்று புகழ்ந்தார். ஒரு பேராசிரியர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி போனை எடுத்து, விவரம் கேட்டு, கொஞ்சம் யோசித்து, “அவரு இருந்திருந்தா இதுக்குத்தாம்மா போட்டிருப்பாரு” என்று அக்கா கேட்ட பத்துக் கல்லூரிகளுக்கும் பொறுமையாக மதிப்பெண் சொன்னார். வந்த பதில்களில் யோசித்துச் சொன்னது அது ஒன்றுதான் என்பார் அக்கா.

முப்பத்தொன்றை எடுத்துக்கொண்டு சிறப்பிதழின் பொறுப்பாசிரியரிடம் போனார். பொறுப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நானூறு பேர்னு அட்டையில அச்சாயிடுச்சே அக்கா.”

“முப்பத்தொரு பேர்தான் சார் பேசினாங்க.”

“முப்பத்தொண்ணு எப்படி நானூறாகும்னு நீங்கதான் பார்க்கணும். திங்கக்கிழமைக்குள்ள.”

வேறொருவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எழுதியிருப்பார். அக்காவுக்கு அது முடியவில்லை. தெரியாததற்கு மதிப்பெண் போடக் கூடாது என்பது அவர் எண்ணம். அவருக்கு என்ன தெரியும்? அந்த நூறு கல்லூரிகளிலும் போனை எடுத்தவர்களைத் தெரியும். எத்தனையாவது மணி அடித்ததும் எடுத்தார்கள், எப்படிப் பேசினார்கள், ‘இருங்க’ என்று சொல்லிவிட்டு மறந்துபோனார்களா, திரும்பக் கூப்பிடுகிறேன் என்றவர்கள் கூப்பிட்டார்களா என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். பதினெட்டு வருடப் பழக்கம். அந்த நோட்டைப் பார்த்து மதிப்பெண் போட்டார். இரண்டாவது மணி, மரியாதை, ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்: நாற்பத்தேழு. எட்டாவது மணி, ‘யாரு, என்ன’ என்ற எரிச்சல்: இருபத்திரண்டு. அதை நானூறு தாளில் பிரித்து எழுதிக் கொடுத்தார்.

ஒன்பது வருடம், எந்தக் கல்லூரி பெரிது என்று எங்கள் வாசகர்கள் நம்பியதெல்லாம் எந்தக் கல்லூரியின் டெலிபோன் ஆபரேட்டர் நல்லவர் என்பதுதான். இது எனக்கு இரண்டாவது வருடமே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. தங்க நிறம் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரைக் கல்லூரி நாற்பத்தாறிலிருந்து ஒன்பதுக்குத் தாவியதும் இப்படித்தான். அங்கே புதிதாக ஓர் ஆள் ஆபரேட்டராக வந்திருந்தார். நிதானமான குரல். முதல்வர் இல்லை என்றால் எப்போது வருவார் என்று சொல்வார். சொன்ன நேரத்துக்கு அவரே கூப்பிடுவார். கல்லூரி முதல்வர் எங்கள் பத்திரிகைக்கே பேட்டி கொடுத்தார். ஐந்தாண்டுத் தொலைநோக்குத் திட்டம் என்றார், ஆராய்ச்சிக் கலாசாரம் என்றார். வாசலில் வளைவு கட்டினார்கள். இவ்வளவு பெரிய கல்லூரிக்கு மனுஷன் போன் எடுப்பது கௌரவமாக இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று பேசுகிற இயந்திரத்தை வைத்து அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் அக்கா எட்டுவரை அழுத்திப் பார்த்தார். கல்லூரி முப்பத்தெட்டுக்கு இறங்கியது. முதல்வர் பதவி விலகினார். மூன்று பேராசிரியர்கள் கொண்ட குழு ஒன்று விசாரித்து, இருநூறு பக்க அறிக்கையில், ஆய்வுக் கட்டுரைகள் போதவில்லை என்று கண்டுபிடித்தது. மூன்று பேருக்கும் டாக்டர் பட்டம் உண்டு.

எட்டாவது வருடம் மணிக்கூண்டுக் கல்லூரி நாலிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது. அண்ணன் அப்போது பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். பத்திரிகை ஆசிரியருக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதினார். கல்வியின் வீழ்ச்சி, சமூகத்தின் வீழ்ச்சி, எல்லாம் அதில் இருந்தது. அவர் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய வருடமும் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டு விட்டார்கள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, எட்டு வருடத்துச் சிறப்பிதழ்களைப் பரப்பி வைத்திருந்தார் அண்ணன். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு நிறத்தில் கோடு இழுத்திருந்தார். அண்ணி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். பெண், மேசையின் ஓரத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று அப்பாவின் கல்லூரி. இன்னொன்று, ரயில்வே கேட் தாண்டி இருக்கும் ஒரு சின்னக் கல்லூரி. அவளுக்குப் படிக்க ஆசை நிலவியல். அதற்குக் கேட் கல்லூரிதான் வேண்டும் என்றாள்.

“பள்ளிக்கூடத்துல இருந்து ஒருநாள் அங்க கூட்டிட்டுப் போனாங்க அத்தை. அந்த சார் எங்க கையில சுத்தியலக் குடுத்து, சாயங்காலம்வரைக்கும் கல்லு உடைக்க விட்டாரு. ஒவ்வொண்ணும் உள்ள வேற மாதிரி இருந்துச்சு.”

“கல்லு உடைக்கறதுக்கு எதுக்கும்மா பட்டம்?” என்றார் அண்ணன். ஸ்கேலை எடுத்துத் தாளின் அடியில் ஓடிய பழுப்புக் கோட்டைத் தட்டினார். “எழுபத்தொண்ணு. போன வருஷமும் எழுபத்தொண்ணு. நம்மளுது இறங்கினாலும் பதினொண்ணு. எழுபத்தொண்ணு எங்க, பதினொண்ணு எங்க? எட்டு வருஷ ஆதாரம் இருக்கு. இதுக்கு மேல என்ன பேச்சு?”

அக்கா அந்தப் பழுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கேட் கல்லூரிக்கு ஆபரேட்டர் கிடையாது. போன் காவலாளி அறையில் இருந்தது. காவலாளி அறையைப் பூட்டிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். ஒவ்வொரு வருடமும் முப்பது மணி அடித்து ஓயும். நோட்டில் அக்கா எழுதியிருந்தது: ‘யாரும் எடுக்கவில்லை. 9.’

“எட்டு வருஷமும் நான் போட்டதுல ஒரு தடவைகூட அது யாரு மேல போய் விழும்னு நெனச்சுப் பார்த்ததில்ல” என்று அடுத்த நாள் என்னிடம் சொன்னார். “நேத்து அவ எதிர்லயே உக்காந்திருந்தா.”

அன்று மேசையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணா, அந்த எழுபத்தொண்ணு தப்பு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் போட்டது.”

அண்ணன் சிரித்தார். நன்றாக, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “தபால்ல படிச்சவ கையில இதையெல்லாம் யாரு குடுப்பா? நானூறு கல்வியாளர் சேர்ந்து போட்டதும்மா. அட்டையிலயே இருக்கு பாரு.”

அக்கா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அண்ணன் சிரிப்பு அடங்காமலே பிரித்தார். இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு சிறப்பிதழை எடுத்து, நோட்டையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விரல் இறங்கி, தன் கல்லூரியின் பெயரில் வந்து நின்றது. ‘பதினாலு நிமிடம் காக்க வைத்தார்கள். பாட்டு. பிறகு கட். 38.’

அண்ணன் விரலை எடுக்காமலே கேட்டார்.

“அப்ப, நாலாவதா இருந்தோமே. அது எப்படி?”

“அப்ப போன் எடுத்துட்டு இருந்த அம்மா நல்லாப் பேசுவாங்கண்ணா. ரிட்டயர் ஆயிட்டாங்க.”

இந்த இடத்தில் அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு மதிப்பு வந்திருக்கும். எட்டு வருடத்துத் தாள்களைக் கிழித்துப் போட்டிருக்கலாம். தங்கையைத் திட்டியிருக்கலாம். பத்திரிகைமேல் வழக்குப் போடுவேன் என்றாவது கத்தியிருக்கலாம். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இது வெளியில யாருக்காவது தெரியுமா?”

“பக்கத்து மேசைத் தம்பிக்குத் தெரியும்.”

“அவரையும் சொல்ல வேணாம்னு சொல்லு. அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க? திரும்பக் கூப்பிட்டா வருவாங்களா?”

பெண் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். “அப்பா, அப்ப நான் கேட் காலேஜுக்கே போறேன்.”

“அதெப்படி? எழுபத்தொண்ணு எழுபத்தொண்ணுதானே.”

“அத்தை போட்டதுப்பா அது. காவலாளி போன் எடுக்கலன்னு.”

“யாரு போட்டா என்ன? அச்சுல வந்துடுச்சு. ஊரு அதைத்தான் பார்க்கும்.”

அண்ணி துணி மடிப்பதை நிறுத்தினார். அந்த வீட்டில் அவர் பேசி அக்கா அதிகம் கேட்டதில்லை. “உங்க காலேஜ் பேரக் கேட்டுத்தான் எங்கப்பா என்னை உங்களுக்குக் கட்டிக் குடுத்தாரு” என்றார். “அவரு யாருக்குப் போன் போட்டு விசாரிச்சாரோ. பொண்ணு ஆசப்பட்ட எடத்துல படிக்கட்டும், விடுங்க.”

அண்ணன் விட்டுவிட்டார். மனம் மாறி அல்ல. அவர் கவனம் முழுக்க அதற்குள் அந்த ரிட்டயர் ஆன அம்மாளிடம் போயிருந்தது. ஒரு மாதத்தில் பழைய மாணவர் சங்கம் ‘தகவல் தொடர்பு மேம்பாட்டுத் துணைக்குழு’ ஒன்றை அமைத்தது. கார் அனுப்பி அந்த அம்மாளைக் கூட்டி வந்து, மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அடுத்த வருடம் அக்கா மணிக்கூண்டின் எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியில் எடுத்து, “வணக்கம், சொல்லுங்கம்மா, எப்படி இருக்கீங்க” என்றது பழைய குரல். இது திட்டம் போட்டு வைத்த ஆள் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாள் உண்மையிலேயே நன்றாகப் பேசினார். துறைத்தலைவர் வெளியூரில் இருப்பதாகச் சொல்லி, மூன்று நாள் கழித்துத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்.

“அவங்க வேலைய அவங்க ஒழுங்காச் செஞ்சாங்க. அதுக்கு நான் எப்படிக் கொறைச்சுப் போடறது?” என்றார் அக்கா. நாற்பத்தைந்து போட்டார். மணிக்கூண்டு ஐந்தாவதாக ஏறியது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அண்ணன் அரை மணி நேரம் பேசினார். நம் கல்லூரியின் ஆய்வுத் தரம், ஆசிரியர்களின் தியாகம், நூறாண்டுப் பாரம்பரியம் மீண்டும் தலைநிமிர்ந்தது. பேசும்போது கண் கலங்கினார். அது நடிப்பு இல்லை என்று கூடப் போயிருந்த அண்ணி சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு வந்த அருவருப்பு அவர் நடித்திருந்தால் வந்திருக்காது.

கேட் கல்லூரிக்கு மட்டும் அக்கா மதிப்பெண்ணை ஏற்றவில்லை. நான் கேட்டேன்.

“அண்ணன் பொண்ணு படிக்குது. இப்ப ஏத்திப் போட்டா நல்லா இருக்காது” என்றார்.

பெண்ணைச் சேர்க்கப் போன அன்று அந்தக் காவலாளியையும் பார்த்துப் பேசியிருக்கிறார். “போனுங்களா? அடிக்கும்மா” என்றாராம் அவர். “எடுத்தா யாராவது ஏதாவது கேக்கறாங்க.” அந்த வருடம் கேட் கல்லூரி எழுபத்து நாலாவது.

அந்த இதழ் வந்த வாரமே அக்கா பொறுப்பாசிரியர் அறைக்குப் போய், ஒன்பது வருடக் கதையையும் சொல்லிவிட்டு, நோட்டை மேசைமேல் வைத்தார். பொறுப்பாசிரியர் அதைத் திறக்கவில்லை.

“இதையெல்லாம் யாரு இப்ப கேட்டாங்க? அடுத்த வருஷம் நானூறை ஆயிரமாக்கலாம்னு இருக்கோம். உங்களால முடியுமா, முடியாதா?”

“முடியாது சார்.”

இருபத்தேழு வருட வேலையை அவர் அப்படித்தான் விட்டார். பிரிவு விழா வைப்பதாகச் சொன்னார்கள், மறந்துபோனார்கள். இப்போது ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் இருக்கிறார். வலியோடு கூப்பிடுகிறவர்களிடம் பேசுவது பேராசிரியர்களிடம் பேசுவதைவிடச் சுலபம் என்கிறார். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியுமாம். சர்வேயை எங்கள் பத்திரிகை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. அவர்கள் அனுப்பும் நற்பெயர் மதிப்பெண்ணில் புள்ளிக்குப் பிறகும் இரண்டு இலக்கம் இருக்கிறது. யாரிடம் கேட்கிறார்கள் என்று நான் கேட்டேன். ‘அது எங்கள் தொழில் ரகசியம்’ என்று பதில் வந்தது. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். தங்க நிறம் இப்போது கொஞ்சம் பளபளப்பாக வருகிறது.

பெண் நான்கு வருடம் கல் உடைத்தாள். வேலை தேடியபோது இரண்டு கம்பெனிகள் கல்லூரிப் பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கிவிட்டன. மூன்றாவது, நிலத்தடி நீர் பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனி. அதன் முதலாளி பேப்பரையே பார்க்காமல், ஐந்து கற்களை மேசைமேல் வைத்து என்னவென்று கேட்டிருக்கிறார். நாலைச் சரியாகச் சொன்னாள். ஐந்தாவது தெரியவில்லை என்றாள். அது தனக்கும் தெரியாது என்று சொல்லி வேலை கொடுத்துவிட்டார். பூட்ஸ் போட்டுக்கொண்டு காடுமேடெல்லாம் சுற்றுகிறாள். அத்தைக்கு வாரம் ஒருமுறை போன் செய்கிறாள்.

அண்ணனிடம் இப்போதும் யாராவது, மகள் எங்கே படித்தாள் என்று கேட்பதுண்டு. அவர் கேட் கல்லூரியின் பெயரைச் சொல்வதில்லை. “மணிக்கூண்டுலயே எடம் கெடைச்சுது சார், அவதான் வேணாம்னுட்டா” என்கிறார். கேட்கிறவர்கள் புருவத்தை உயர்த்தி, அந்தப் பெண்ணைப் பற்றி உடனே மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.